நல்ல காரணத்தோடு வரும் சோதனை



தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று திருச்சபை ஆண்டுதோறும் நம்மைப் பாலைநிலத்துக்கு அழைத்துச் செல்கிறது. நாற்பது நாள் நோன்பிருந்து பசித்திருந்த ஆண்டவரை அலகை நெருங்கியதை மத்தேயுவும் லூக்காவும் விரிவாகச் சொல்கிறார்கள். கல்லை அப்பமாக்கச் சொன்னது. பசித்தவர் உண்பதில் என்ன குற்றம்? கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது. அதற்குத் திருப்பாடலையே சான்றாகக் காட்டியது. உலக அரசுகளையெல்லாம் தருவதாகச் சொன்னது. மக்களை மீட்க வந்தவருக்குச் சிலுவையே இல்லாத ஒரு குறுக்குவழி! மூன்று முறையும் சோதனை நல்ல காரணத்தோடுதான் வந்தது.

நம்மிடமும் அது அப்படித்தான் வருகிறது. “பிள்ளையின் படிப்புக்குத்தானே” என்று நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போகிறோம். அந்தப் பழக்கம் கைப்பேசிச் சூதாட்டமாக வளர்ந்து, வட்டி முதலையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. “உடம்பு வலிக்குக் கொஞ்சம்” என்று தொடங்கிய குடி, சம்பளத்தையும் வீட்டு அமைதியையும் விழுங்குகிறது. “வெறும் பேச்சுத்தானே” என்று மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் நீளும் உரையாடல் ஒரு குடும்பத்தையே உடைக்கிறது. நம் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்து, ஞாயிறு திருப்பலிக்கு வர முடியாமல் தவிப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுடைய ஏக்கத்தை ஆண்டவர் அறிவார். ஆனால் ஓய்வு இருந்தும், “அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுகிறோமே, அங்கேதான் நம் பக்தி மெல்ல மெல்ல ஆறிப்போகிறது.

சோதனையை வென்றவர்களைத் தேடி நாம் தூரம் போக வேண்டாம். நம் தீவிலேயே பொதுக் குருமடம் இருக்கிறது. 1665இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கப்பட்டு, பல இடம் மாறி, 1808இல் பினாங்குக்கு வந்த குருமடம் அது. பூலாவ் தீக்குஸில் பல தலைமுறைகளாக இயங்கி, 1984இல் தஞ்சோங் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. இங்கே படித்த வியட்நாமியர் பிலிப் மின், 1853இல் தம் நாட்டில் மறைசாட்சியாக இறந்தார். இங்கே பாடம் சொல்லிக்கொடுத்த லாரன்ஸ் இம்பேர், யாக்கோபு ஷஸ்தான் என்ற பிரெஞ்சு அருள்பணியாளர்கள் இருவரும் பின்னர் கொரியாவில் பணியாற்றினார்கள். இம்பேர் அங்கே ஆயராக இருந்தார்.

1839இல் கொரியாவில் கடும் வேதகலகம் மூண்டது. வெளிநாட்டுக் குருக்களைத் தேடி அரசு ஆள்கள் அலைந்தார்கள். விசுவாசிகள் சிறையிலும் சித்திரவதையிலும் துடித்தார்கள். அந்த நேரத்தில் ஆயர் இம்பேர் மறைந்தே இருந்திருக்கலாம். “மேய்ப்பன் இல்லாமல் போனால் மந்தை என்ன ஆகும்?” என்ற காரணம் அவருக்குக் கைவசம் இருந்தது. கேட்பவர் யாரும் அதைத் தவறென்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தம்மைத் தாமே ஒப்படைத்தார். மக்களின் துன்பம் தணியட்டும் என்று, ஷஸ்தானும் உடன் பணியாற்றிய அருள்பணியாளர் பியர் மொபானும் சரணடைய வேண்டுமெனக் கடிதம் அனுப்பினார். அவர்களும் வந்தார்கள். 1839 செப்டம்பர் 21 அன்று மூவரும் தலை வெட்டப்பட்டு உயிர்நீத்தார்கள். 1984இல் சியோல் நகரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களைப் புனிதர்களாக உயர்த்தினார்.

அன்பானவர்களே, அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததில்லை. இங்கே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியும், மணி அடித்ததும் செபத்துக்கு எழுந்தும், யாரும் பாராட்டாத கடமைகளைச் செய்தும் கழிந்த சாதாரண நாள்கள் இம்பேருக்கும் ஷஸ்தானுக்கும் இருந்தன. நாள்தோறும் தாயின் குரலைக் கேட்கும் குழந்தை, கூட்டத்திலும் அதைப் பிரித்தறிந்துகொள்ளும். ஆண்டவரின் குரலுக்கும் நம் செவி அப்படிப் பழக வேண்டும். பழகாத செவிக்கு அலகையின் நல்ல காரணமும் இறைவார்த்தை போலவே ஒலிக்கும்.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். முதலாவது, காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் நற்செய்தியை எடுத்துச் சில வரிகள் வாசியுங்கள். ஆண்டவர் பாலைநிலத்தில் மூன்று முறையும் மறைநூலைக் கொண்டே பதில் சொன்னார். இரண்டாவது, நோன்பிருங்கள். நியாயமான பசிக்கே காத்திருக்கக் கற்ற மனம், நியாயமற்ற ஆசைக்கும் மறுப்புச் சொல்லும். மூன்றாவது, சோதனையை ஒளித்து வைக்காதீர்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். சூதிலோ குடியிலோ சிக்கியிருந்தால், கடன் எவ்வளவு என்பதையும் சேர்த்து வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். உதவி கேளுங்கள். இருட்டில் மறைத்த பாவம் வளர்கிறது. வெளிச்சத்துக்கு வந்தது வலுவிழக்கிறது.

விழுந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், மனம் தளர வேண்டாம். நம் வலிமைக்கு மேல் நாம் சோதிக்கப்பட இறைவன் விடமாட்டார், தப்பும் வழியையும் அவரே காட்டுவார் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு உறுதி கூறுகிறார். வென்றவர்களோ அசந்துவிட வேண்டாம். அலகை ஏற்ற காலம் வரும்வரை மட்டுமே விலகிச் சென்றதாக லூக்கா எழுதியிருக்கிறார்.

இந்த வாரம் உங்களைத் தேடிவரும் நல்ல காரணம் எதுவானாலும், அதை முதலில் ஆண்டவர்முன் வையுங்கள். அவர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் காரணமானால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். பாலைநிலத்தில் வென்ற இயேசு நம் வீடுகளிலும் வெல்வாராக. புனிதர்களான இம்பேரும் ஷஸ்தானும் பிலிப் மின்னும் நமக்காகப் பரிந்துபேசுவார்களாக. ஆமென்.