அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கனகசெட்டிகுளம் எல்லையைத் தாண்டிச் சென்னைப் பதிவெண் கார்கள் வரிசை கட்டும். ஞாயிறு இரவு அதே வரிசை திரும்பிப் போகும். காரைக்கால், மாஹே, ஏனாமையும் சேர்த்து எங்கள் யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 12.5 லட்சம். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே சுற்றுலா வந்தார்கள். ஊரில் குடியிருப்பவர்களைவிட வந்து போகிறவர்கள் அதிகம். பிறருடைய விடுமுறையில் பிழைக்கும் ஊர் பாண்டிச்சேரி.

நோய்க் காலத்தில் விடுமுறைக்கு முன்பதிவு செய்யலாமா என்ற கேள்வியை, கிளம்புகிறவர்களாக மட்டும் யோசிக்க எங்களுக்கு வழியில்லை. வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிறவர்களாகவும் யோசிக்க வேண்டும். இங்கே பல வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பிரான்ஸிலிருந்து வரும் சொந்தம்.

1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அந்த வாய்ப்பு தரப்பட்டது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் இன்று பாரிஸைச் சுற்றி வாழ்கிறார்கள். என் தங்கை வாக்கப்பட்டது அப்படியொரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பத்தில். ஜூலையில் பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகளோடு கிளம்பி வருவாள். அவளைப் போல வருகிறவர்களால் அந்த இரண்டு மாதம் ஊரே வேறு மாதிரி இருக்கும். நேரு வீதித் துணிக்கடைகளில் பிள்ளைகள் தமிழில் தொடங்கி பிரெஞ்சில் முடிப்பார்கள். தையல்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆவணி பிறந்ததும் காதுகுத்து, கல்யாணம் என்று மண்டபங்கள் நிறையும். ஆனால் இதற்கெல்லாம் டிக்கெட் போடுவது ஜனவரியில். ஆறு மாதம் முன்பே போட்டால்தான் ஒரு குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகும்.

2020-இல் கேள்வியே எழவில்லை. மார்ச் 23 முதல் இந்தியாவுக்கான பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயின. ஜூலையில் பிரான்ஸுடன் தனி ஏற்பாடு செய்து சில விமானங்களை விட்டார்கள். யாருக்கும் பயணம் செய்யும் மனம் இல்லை. தடை இருக்கும்போது முடிவு எளிது, நமக்குப் பதிலாக அரசு முடிவெடுத்துவிடுகிறது. தடை விலகி, நோய் விலகாமல் இருக்கும் இடைக்காலம்தான் மனிதரைச் சோதிக்கிறது. 2021 ஜனவரி அப்படிப்பட்ட காலம். எங்கள் பிரதேசத்தில் தினசரித் தொற்று இரண்டு இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. 16-ஆம் தேதி நாடு முழுவதும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தங்கை போன் செய்தாள்.

“அக்கா, ஜூலைக்கு டிக்கெட் இப்ப ரொம்ப மலிவா இருக்கு. போட்டுடட்டுமா?”

எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா பக்கத்திலிருந்து சொன்னார்: “வரச் சொல்லுடி. எனக்கு இனிமே என்ன ஆயிடப் போவுது?”

அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த நாட்களில் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். நோய் ஜூலையில் எப்படி இருக்கும் என்பது எனக்கோ தங்கைக்கோ, ஏன், எந்த நிபுணருக்குமே தெரியாத விஷயம். ஆகவே அதில் மூளையைச் செலவழிப்பது வீண். எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது: பணம் கட்டிய பிறகு நாம் எப்படி யோசிப்போம் என்பது.

கட்டுவதற்கு முன் “போகலாமா?” என்று கேட்கிறோம். கட்டிய பிறகு “பணம் போயிடுமே” என்கிறோம். அறிகுறி லேசாக இருந்தால் சளிதான் என்று சொல்லிக்கொள்கிறோம். போகிற ஊரில் தொற்று கூடினால், “நாம போற பக்கம் இல்லையாம்” என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொள்கிறோம். ஒன்றும் தெரியாத ஜனவரியில் எடுத்த முடிவு, எல்லாம் தெரிந்த ஜூலையின் கையைக் கட்டிப் போட்டுவிடுகிறது. முன்பணம் என்பது வெறும் பணம் இல்லை, நம்முடைய நாளைய நிதானத்தையும் சேர்த்தே கட்டிவிடுகிறோம்.

திரும்பக் கிடைக்கும் என்றால்? அந்த நம்பிக்கையும் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. முதல் ஊரடங்கில் ரத்தான விமானங்களின் பயணிகளுக்குப் பல நிறுவனங்கள் பணத்துக்குப் பதிலாக வரவுக் கணக்கைத்தான் நீட்டின. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2020 அக்டோபர் 1-இல் தீர்ப்பு வந்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தக்கூடிய வரவாக வைக்கலாம், அதற்கு மாதாமாதம் சிறு கூடுதல் தொகையும் சேர வேண்டும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு டிக்கெட் பணத்துக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதிலும், விமானம் பறந்தும் நாம் போகவில்லை என்றால் அது வேறு கணக்கு. பயந்து நின்றவருக்குச் சட்டம் பெரிதாகத் துணை வருவதில்லை.

விடுதிக்காரர் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை நகரத்தில் நாலைந்து அறைகளோடு பழைய வீட்டை விடுதியாக நடத்தும் ஒரு குடும்பம் எங்களுக்குப் பழக்கம். மார்ச் 2020-இல் ஏப்ரல், மே மாதத்துக்கான அட்வான்ஸ் அவர்கள் கையில் இருந்தது, அதாவது இருந்ததாகக் கணக்கு. உண்மையில் அது கட்டட வேலைக்கும் சம்பளத்துக்கும் ஏற்கெனவே போயிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் திருப்பித் தர நகையை அடகு வைத்தார்கள். பணம் கேட்டவர் பேராசைக்காரர் இல்லை, தரத் திணறியவர் ஏமாற்றுக்காரர் இல்லை. முன்பணத்தின் இயல்பு அது. ஒருவர் இன்னும் செலவழிக்காத விடுமுறையை இன்னொருவர் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பார்.

அந்த விடுதியில் அறை சுத்தம் செய்யும் அம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். ஊரடங்கு தளர்ந்து மறுபடி ஆட்கள் வரத் தொடங்கியபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ரூம் நெறஞ்சா பயம், காலியா இருந்தா பட்டினி” என்றார். விருந்தாளி போன பிறகு போர்வையை உதறுகிறவர் அவர். விருந்தாளி எந்த ஊரிலிருந்து வந்தார், இருமினாரா என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. வீட்டில் அவருக்கு ஆஸ்துமா உள்ள ஒரு மாமியார். பயணம் போகலாமா என்று சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு குடும்பம் கூடி உட்கார்ந்து பேசும்போது, அந்தப் பேச்சில் இந்த அம்மா இல்லை. நம் உடம்பு தாங்குமா, நம் பணம் தாங்குமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

விடுமுறை எவ்வளவு தூரம் நோயைச் சுமக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று கிடைத்தது. 2020 கோடையில் ஸ்பெயினில் பரவத் தொடங்கிய ஒரு வைரஸ் வகை, சில மாதங்களில் மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அதன் தடத்தைப் பின்தொடர்ந்தது. அந்த வகை மற்றவற்றைவிட வேகமாகப் பரவக்கூடியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்த் திரும்பியவர்கள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். வைரஸுக்குத் தனிப் பலம் எதுவும் தேவைப்படவில்லை, விடுமுறை போதுமானதாக இருந்தது.

வருகிறவர்களோடு நோயும் வரும் என்பது எங்கள் அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2020 மே மாத இறுதியில் மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்கு இணையாகும்படி சிறப்பு வரி போட்டார்கள். விலை குறைவென்று பக்கத்து மாவட்டத்தார் திரண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக. யாரையும் தடுக்காமல், வருவதற்கான ஆசையைக் குறைத்தார்கள். எனக்கு அது நியாயமான வழியாகப் பட்டது. ஆனால் புத்தாண்டு வந்தபோது கை நடுங்கியது. 2020 டிசம்பர் 31-க்குத் தமிழ்நாடு கடற்கரைக் கொண்டாட்டங்களைத் தடை செய்தது, புதுச்சேரி அனுமதித்தது. அடுத்த ஆண்டு ஒமிக்ரான் வாசலில் நின்றபோதும் அதேதான். இரவு 10 மணி முதல் 1 மணி வரை மது விற்கக் கூடாது, இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம்தான் வரம்பு கட்ட வேண்டியிருந்தது. அந்த முடிவுகளை நான் ஏற்கவில்லை. அண்டை மாநிலம் கதவைச் சாத்தும் இரவில் நாம் மட்டும் திறந்து வைத்தால், வருகிறவர்கள் கடலைப் பார்க்க மட்டும் வருவதில்லை. சாத்தியிருந்தால் வருமானம் இழந்திருப்பவர்களுக்கு அரசு ஈடு கொடுத்திருக்க வேண்டும். 2021-இல் குடும்ப அட்டைக்கு 3,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஒரு சீசனையே இழந்தவருக்கு அது எத்தனை நாளுக்கு வரும்?

2021 கோடை எங்கள் ஊருக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி முழுக்கக் கோவிட் மருத்துவமனை ஆகியிருந்தது. கோரிமேடு ஜிப்மர் எங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. விழுப்புரமும் கடலூரும் திருவண்ணாமலையும் நம்பி வரும் ஆஸ்பத்திரி. மே 7-இல் பதவியேற்ற முதலமைச்சர் ரங்கசாமிக்கு இரண்டே நாளில் தொற்று உறுதியானது. அவரைச் சிகிச்சைக்குச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பெருந்தொற்று முழுவதிலும் எங்கள் பிரதேசத்தில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கோடையில். முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. ஒரே தெருவில் இரண்டு அரசுகள் உள்ள இந்த ஊரில், ஆக்சிஜன் படுக்கை எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று அலைந்தவர்களைப் பார்த்தோம். அந்த நாளில் விடுமுறைக்கு வந்த ஒருவர் இங்கே விழுந்திருந்தால் அவருக்கும் ஒரு படுக்கை தந்திருப்போம், தந்துதான் ஆக வேண்டும். அந்தப் படுக்கை யாருடையதாக இருந்திருக்கும்?

எல்லாப் பயணமும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். வார இறுதியில் கடற்கரைச் சாலையில் நடப்பதற்கும், பிள்ளைகள் பாட்டியைப் பார்க்க வருவதற்கும் ஒரே தராசு போதாது. முதலாவதைத் தள்ளிப்போட்டால் ஒரு வார இறுதி போகும். இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் என்ன போகும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்தோம்.

தங்கையிடம் டிக்கெட் போட வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வை, ஜூனில் பேசுவோம், அப்போது விலை இரண்டு மடங்கானாலும் பரவாயில்லை, கூடுதல் பணம் நிதானத்துக்குக் கொடுக்கும் விலை என்று சொன்னேன். அவள் அழுதாள், ஆனால் கேட்டாள். ஏப்ரல் 24 முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு 10 நாள் கட்டாயத் தனிமையை பிரான்ஸ் கொண்டுவந்தது. மே மாதத்தில் எங்கள் தெருவில் தினம் ஆம்புலன்ஸ். ஜூனில் பேச எதுவும் இருக்கவில்லை. வழக்கமான விமானங்கள் 2022 மார்ச் 27-இல் மீண்டும் தொடங்கிய பிறகு, அந்த ஜூலையில் வந்தாள்.

அதற்குள் அம்மாவுக்குக் காது அநேகமாகக் கேட்காமல் போயிருந்தது. போனில் பேத்திகளோடு கதை பேசிக்கொண்டிருந்தவர், திரையில் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார். பேத்திகள் வந்தபோதும் பேச்சு சைகையில்தான் நடந்தது. முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் விலையை என் அம்மாவும் அந்தப் பிள்ளைகளும் கட்டினார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை. பாதுகாப்பாக இருப்பது இலவசம் என்பது போலப் பேசுகிறவர்களை எனக்கு அன்றிலிருந்து பிடிப்பதில்லை. வயதானவர்களுக்கு ஒரு வருடம் என்பது நமக்கு உள்ளதைப் போன்ற ஒரு வருடம் இல்லை. அவர்களுக்காகப் போகும் பயணத்தைத் தள்ளிப்போடும்போது, அவர்களைக் கேட்டுவிட்டுத் தள்ளிப்போட வேண்டும். நாங்கள் கேட்டோம். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அம்மா, “அந்தக் கொழந்தைங்க ஏரோப்ளேன்ல மாட்டிக்கக் கூடாது” என்றார். அதன் பிறகுதான் தங்கையிடம் சொன்னேன்.

இன்னொரு தொற்று வரும். அன்றைக்கும் யாரோ ஒருவர் மலிவாக அறை கிடைக்கிறது என்று போனை நீட்டுவார்கள். இழந்தால் மனம் பதறாத தொகை என்றால் மட்டும் கட்டுங்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று விடுதிக்காரரிடமே கேளுங்கள், உள்ளூர்க்காரருக்குத் தெரியும். கிளம்பும் வாரத்தில், பணமே கட்டாதவரைப் போல மறுபடி முதலிலிருந்து யோசியுங்கள். போக வேண்டாம் என்று முடிவானால், திரும்பக் கிடைத்த அட்வான்ஸில் ஒரு பங்கை அறை துடைக்கிறவர் கைக்குச் சேரும்படி விட்டுவிடுங்கள்.