சடங்குக்கு முன் சொல்லவேண்டிய பாடம்

பந்தலில் மைக்செட் அலறுகிறது. தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ். தாய்மாமன் வீட்டுச் சீர்வரிசைத் தட்டுகள் மேளத்தோடு வந்துகொண்டிருக்கின்றன. பட்டுச்சேலையின் பாரம் தாங்காமல் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. அவள் பெரியமனுஷி ஆகிவிட்ட செய்தி ஊருக்கே தெரியும். தன் உடம்புக்குள் என்ன நடந்தது, அது ஏன் மாதாமாதம் வரும், எத்தனை வயதுவரை வரும், அதற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் பெரும்பாலும் அவளுக்குத்தான் தெரியாது. எந்த அறைக்குள் போகக்கூடாது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் கொடுத்திருப்பார்கள். உடம்பைப் பற்றி விளக்கமாக நாலு வார்த்தை பேச யாருக்கும் நேரமோ துணிவோ இருந்திருக்காது.

இது ஏதோ சில வீடுகளின் கதை இல்லை. இந்தியச் சிறுமிகளின் மாதவிலக்கு பற்றி நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, 2016-ல் பிஎம்ஜே ஓப்பன் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் மாதவிலக்குக்கு முன்பே அதைப்பற்றி அறிந்திருந்த சிறுமிகள் பாதிக்கும் சற்றுக் குறைவு என்றது அது. மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அடிபட்டுவிட்டதோ, ஏதாவது நோயோ என்று பயந்து கழிவறையில் அழுத கதை எல்லாக் குடும்பத்திலும் ஒரு அத்தையிடமாவது இருக்கும்.

பையன்கள் நிலைமை இதைவிட மோசம். குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, ஒருநாள் தூக்கத்தில் விந்து வெளியேறி உள்ளாடை நனைகிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது, அப்பா பேசமாட்டார். பதில் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது: இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார், கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சிக்குச் சிகிச்சை. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பையன்களின் பயத்தில் பிழைத்த வியாபாரம் இது. விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற நம்பிக்கையால் சோர்வும் படபடப்பும் மனத்தளர்ச்சியும் வந்து மருத்துவரைத் தேடி வருகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். அந்த நிலைக்குப் மனநல மருத்துவப் பேராசிரியர் என்.என். விக் 1960-ல் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே அது பின்னர் இடம்பிடித்தது. விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் உடம்பு உருக்குலையாது என்ற இரண்டு வரிச் செய்தி பதினோரு வயதில் காதில் விழுந்திருந்தால், அந்த இளைஞர்களில் பலர் லாட்ஜ் படியேறியிருக்க மாட்டார்கள்.

சென்னை மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியில் பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ‘புதிரா? புனிதமா?’ நிகழ்ச்சியை நடத்தியபோது, வீடுகளில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் பலர். அவர்களில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு! பள்ளியில் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை நரை விழுந்த வயதில் கேட்கும் நிலையில் ஒரு சமூகத்தை வைத்திருந்தது யார் குற்றம்?

எப்போது சொல்லித்தர வேண்டும் என்பதற்கு உடம்பே தேதி குறித்து வைத்திருக்கிறது. பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் தொடங்கினால் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் ஜாமீன் வழக்கில், பாலியல் கல்வி ஒன்பதாம் வகுப்பிலிருந்து அல்ல, அதற்கும் இளைய வயதிலேயே தரப்படவேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஒரு பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நின்ற பிறகுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச நேர்கிறது என்பது வருத்தம் தரும் உண்மை.

இளைய வயது என்றதும் பலருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் உடலுறவைப் பற்றிப் பேசுவதா என்கிறார்கள். அப்படி யாரும் கேட்கவில்லை. யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, ஐந்து வயது முதல் பதினெட்டு வயதுவரை நான்கு கட்டமாகப் பாடத்தைப் பிரித்திருக்கிறது. முதல் கட்டத்தில் வருபவற்றில் குடும்பம், நட்பு, தன் உடம்பு தனக்குரியது என்ற உணர்வு ஆகியவை முக்கியமானவை. நெதர்லாந்தில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஒரு வாரம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இந்தப் பாடம் நடக்கிறது. அங்கே நான்கு வயதுப் பிள்ளைகள் யார் கட்டிப்பிடித்தால் பிடிக்கும், யார் செய்தால் பிடிக்காது, பிடிக்காதபோது எப்படிச் சொல்வது என்று பேசிப் பழகுகிறார்கள். ஸ்வீடன் 1955-லேயே பள்ளிகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கிய நாடு.

இங்கே என்ன நடந்தது? மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்ததும், 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் எனப் பல மாநிலங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே அறிக்கை தந்தது. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது, பிள்ளைகளைத் தூண்டிவிடும் என்பவைதான் இந்த எதிர்ப்பின் அடிப்படை. பண்பாட்டு வாதத்தைத் தமிழர்கள் சொல்வது பொருந்தவே பொருந்தாது. 1930களிலேயே கருத்தடை பற்றிப் பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் வெளிப்படையாக எழுதி விவாதித்த மண் இது. தூண்டிவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளே பதில் சொல்லிவிட்டன. யுனெஸ்கோவுக்காக 22 முறையான தொகுப்பாய்வுகளையும் 77 கட்டுப்பாட்டுச் சோதனைகளையும் அலசியவர்கள், பாலியல் கல்வியால் இளையோர் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை, சில திட்டங்களால் அது தள்ளியே போகிறது என்று கண்டார்கள்.

தூண்டுவது எது என்று பார்க்க வேண்டுமானால் பிள்ளையின் கையில் இருக்கும் கருவியைப் பார்க்கலாம். கல்வி நிலை குறித்த 2023-ன் ஏசர் கணக்கெடுப்பில், 14 முதல் 18 வயதுவரையுள்ள கிராமப்புற இளையோரில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதை இயக்கவும் தெரியும் என்றார்கள். பெற்றோரும் ஆசிரியரும் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்கு ஆபாசப் படமே பாடப்புத்தகம். அந்தப் புத்தகத்தில் பெண்ணின் சம்மதம் என்ற அத்தியாயமே கிடையாது.

பேசாமல் இருப்பதற்குக் குழந்தைகள் கொடுக்கும் விலை இன்னும் கொடியது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். மாமாவோ பக்கத்து வீட்டுத் தாத்தாவோ டியூஷன் சாரோ கை வைக்கும்போது, அதைச் சொல்லக் குழந்தையிடம் வார்த்தை வேண்டும். குளிப்பாட்டும்போது ‘ஷேம் ஷேம் பப்பி ஷேம்’ என்று கேலி செய்தே வளர்த்த வீட்டில், அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதே அசிங்கம் என்று குழந்தை முடிவுகட்டியிருக்கும். கண், காது, மூக்கு கற்றுக்கொடுக்கும் அதே வயதில் அந்தரங்க உறுப்புகளின் பெயரையும் சாதாரணமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

அடுத்த கட்டம் நான்காம், ஐந்தாம் வகுப்பு. ஆணும் பெண்ணும் ஒரே அறையில் உட்கார்ந்து இரு உடம்பின் மாற்றங்களையும் கேட்க வேண்டும். பெண்களை மட்டும் தனியே அழைத்து நாப்கின் கொடுத்து அனுப்பிவிடுவது பாதிப் பாடம்கூட இல்லை. பாவாடையில் கறை பட்ட தோழியைப் பார்த்துச் சிரிக்காத பையன் அந்த அறையில்தான் உருவாக முடியும்.

பதின்வயதில் கற்பிக்கவேண்டியவை காதல், சம்மதம், கருத்தடை, சட்டம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவரின் சம்மதம் சம்மதமாகவே கொள்ளப்படாது. இது தெரியாமல் காதலித்து ஊரைவிட்டுப் போன பையன்கள் சிறையில் இருக்கிறார்கள், பெண்கள் காப்பகத்தில். 2021 ஜனவரியில் அத்தகைய வழக்கொன்றை ரத்துசெய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலர்களைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று எழுதினார். பிள்ளைகள் தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது. சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று பத்தாம் வகுப்புக்குள் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதே நீதிபதி அதே ஆண்டில் செய்த இன்னொரு காரியம், கற்பிக்கத் தயங்கும் பெரியவர்களுக்கு நல்ல முன்மாதிரி. தன்பால் ஈர்ப்புள்ள இரு பெண்களின் வழக்கு அவர்முன் வந்தபோது, இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதியால் முடிந்தது ஆசிரியராலும் தகப்பனாலும் முடியும். இனப்பெருக்கப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிப்போகும் ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் அவருக்குப் பயிற்சி வேண்டும். பிள்ளைகள் பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் கேள்வி கேட்க ஒரு பெட்டி வேண்டும். வரும் கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் உண்மையைச் சொல்லும் பழக்கம் வேண்டும்.

இதற்குப் புதிதாகச் சட்டம் இயற்றவேண்டிய தேவைகூட இல்லை. 2020-ன் போக்சோ விதிகளில் மூன்றாவது விதி, குழந்தைகளின் தனிப்பட்ட பாதுகாப்பு குறித்து வயதுக்கேற்ற பாடத்தை மத்திய, மாநில அரசுகள் உருவாக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டின் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பையன்களையும் சேர்த்து, இந்தப் பாடம் எப்போது நடக்கும்? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.