அவிழ்த்துவிடும் நாள்

பந்தயக் குதிரையின் முன்னங்காலில் தசைநாண் கிழிந்துவிட்டால் மருத்துவர் முதலில் சொல்லும் சிகிச்சை அடைப்புதான். ஏறக்குறைய 12க்கு 12 அடி லாய அறை. நாளுக்கு ஓரிரு முறை கயிற்றில் பிடித்துச் சில நிமிட நடை. கிழிந்த இடத்தில் புதிய இழைகள் பிறந்து, இழுவிசை செல்லும் திசையில் வரிசைப்பட்டு, ஓட்டத்தைத் தாங்கும் அளவுக்குத் தேற ஒன்பது மாதம், ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இத்தனை காலம் சுவர்களுக்குள் நின்ற குதிரையை ஒருநாள் மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிட வேண்டும். லாயக்காரர்கள் அஞ்சுவது அந்த நாளைத்தான். கயிறு கழன்றதும் குதிரை பின்னங்கால்களை உதறித் துள்ளும். முழு வேகத்தில் வேலிவரை பாய்ந்து சட்டென்று திரும்பும். மாதக்கணக்கில் ஒட்டிய தசைநாண் அரை நிமிடத்தில் மறுபடி கிழியலாம்.

அடைப்பு ஆற்றுகிறது, விடுதலை முறிக்கிறது. அப்படியானால் அடைத்து வைத்தவருக்கு விடுதலையைத் தள்ளிப்போடும் உரிமை உண்டா? உண்டென்றால் எதுவரை? லாயத்துக்குள் எழும் நடைமுறைச் சிக்கல்போலத் தோன்றினாலும், சமயமும் மெய்யியலும் நெடுங்காலமாகத் தொட்டுப் பார்த்துவரும் கேள்வி இது.

குதிரை ஓடிப் பிழைக்கும் விலங்கு. கொம்பில்லை, நகமில்லை, புலி வந்தாலும் ஓநாய் வந்தாலும் காலே துணை. விட்டுவிட்டால் நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மெல்ல நடந்து மேய்ந்துகொண்டே இருக்கும். அதன் குடல், குளம்பு, இரத்த ஓட்டம் எல்லாமே அந்த ஓயாத நடைக்கென்று அமைந்தவை. அச்சம் வந்தால் ஓடுவது அது யோசித்து எடுக்கும் முடிவல்ல. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க் களத்தில் இரு குதிரைகள் மட்டும் மோதிய போட்டியில் ரஃபியன் என்ற பெண் குதிரையின் வலது முன்னங்கால் முறிந்தது. அதற்கு முன் ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்ற குதிரை அது. மருத்துவர்கள் மணிக்கணக்கில் அறுவை செய்து காலுக்குக் கட்டுப் போட்டார்கள். மயக்கம் தெளியத் தொடங்கியதும், படுத்த நிலையிலேயே ஓடுவதுபோல அது கால்களை வீசியது. கட்டு நொறுங்கியது, கால் மீண்டும் சிதைந்தது. மறுநாள் விடிவதற்குள் அதைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தன்னைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே வழி அதற்கு ஓட்டம். அந்த வழியே அதைக் கொன்றது.

இந்த ஓட்டத்தைத்தான் பழைய நூல்கள் அடங்காமைக்கு உருவகமாக எடுத்துக்கொண்டன. கடோபநிடதத்தில் உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. பிளேட்டோவின் ‘பீத்ரஸ்’ உரையாடலில் ஆன்மா இரு குதிரை பூட்டிய தேர்: ஒன்று சொல் கேட்கும் வெள்ளை, மற்றொன்று சாட்டைக்கும் எளிதில் அடங்காத கறுப்பு. ஆழமான உருவகங்கள்தான். ஆனால் இரண்டிலும் நாம் உட்கார்ந்து பார்க்கும் இடம் தேர்த்தட்டு. அந்தக் குதிரை நேற்று எங்கே கட்டப்பட்டிருந்தது, எத்தனை நாள் கட்டப்பட்டிருந்தது என்று தேர்த்தட்டிலிருந்து யாரும் கேட்பதில்லை. முரட்டுத்தனம் அதன் பிறவிக்குணம் என்று முடிவு கட்டிவிட்டு, கடிவாளத்தை இறுக்குவதைப் பற்றியே பேசுகிறோம்.

கட்டுவதையே கேள்விக்கு உட்படுத்திய மரபும் இந்த மண்ணில் உண்டு. சமணரின் ‘தத்துவார்த்த சூத்திரம்’ கொல்லாமை நோன்புக்கு நேரும் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது. அடிப்பது, உறுப்பை அறுப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, உணவும் நீரும் மறுப்பது ஆகிய நான்கோடு, கட்டிப்போடுவதும் அந்த வரிசையில் இருக்கிறது; அதுவும் முதலிடத்தில். விலங்கின் உடலில் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், அதன் நடமாட்டத்தைத் தடுத்ததே ஓர் ஊறு என்று கண்டவர்கள் அவர்கள். இல்லறத்தார் மாடு கட்டாமல் வாழ முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் பின்வந்த உரைகாரர்கள் காரணமின்றிக் கட்டுவதையும் காரணத்தோடு கட்டுவதையும் வேறுபடுத்தினார்கள். காரணத்தோடு கட்டும்போதும், தீப்பிடித்தால் விலங்கு விடுபடும்படி நெகிழ்வாகக் கட்ட வேண்டும் என்றார்கள். லாய அறைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. கட்டுக்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் விலங்கின் நலமாக இருக்க வேண்டும். கட்டு போடப்படும்போதே அவிழ்ப்பதற்கான வழியும் அதற்குள் இருக்க வேண்டும்.

இங்கேதான் அடைத்து வைப்பவரின் பழகிய வாதம் குறுக்கே வருகிறது. ‘பாருங்கள், அவிழ்த்தால் எப்படித் துள்ளுகிறது! இதனால்தான் அடைத்து வைக்கிறோம்.’ கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் துள்ளல் எங்கிருந்து வருகிறது? சாயா, கோவன், மெக்குவாயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. லாயத்தில் வளரும் குதிரைகளில் சிலவற்றுக்கு வாரத்துக்கு 2 மணி நேரமும் சிலவற்றுக்கு 12 மணி நேரமும் வெளியில் திரியக் கிடைத்தன. வெளியே விடப்பட்டபோது பாய்ந்ததும் துள்ளியதும் இரண்டு மணி நேரக் குதிரைகளே அதிகம். பன்னிரண்டு மணி நேரக் குதிரைகளிடம் அந்த வேகம் அவ்வளவாக இல்லை. வாசலில் நாம் பார்க்கும் வெறியில் பெரும்பங்கு அடைப்பு சேர்த்துவைத்த கடன். அதைக் காட்டி இன்னும் அடைப்பது, கடனை மேலும் கூட்டுவதாகவே முடியும்.

அப்படியென்றால் நாளையே கதவைத் திறந்துவிடலாமா? கூடாது. காலில் இருக்கும் காயம் உண்மையானது. கடனை ஒரே நாளில் தீர்க்க விட்டால் அதை அடைக்கப்போவது அந்தத் தசைநாண்தான்.

தேர்ந்த லாயங்களில் இதற்கென்று ஒரு முறை உண்டு. அதை நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது. ஏனென்றால் அதன் ஒவ்வொரு படியிலும் ஓர் அறநிலைப்பாடு இருக்கிறது. முதலில் கயிற்று நடை: ஐந்து பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் அல்ட்ராசவுண்டில் தசைநாணைப் பார்ப்பார்கள். நாள் குறிப்பது காலின் நிலையே. லாயத்தின் வசதியோ உரிமையாளரின் அவசரமோ அல்ல. பிறகு அறையைவிடச் சற்றே பெரிய ஒரு பட்டி. குதிரை நடக்கலாம், உருளலாம், வெயில் காயலாம். நாலுகால் பாய்ச்சலுக்கு மட்டும் இடம் போதாது. பட்டியின் அளவு படிப்படியாகப் பெருகும். ஓடாத குதிரைக்கு ஓடும் குதிரையின் தீனி வேண்டாம் என்று ஓட்ஸையும் மற்றத் தானியங்களையும் குறைத்து, காய்ந்த புல்லை நிறையப் போடுவார்கள். இது பட்டினி அல்ல. நாள் முழுவதும் வாய் அசைந்துகொண்டிருக்கும் குதிரை மனமும் அடங்கி நிற்கும். பச்சைப் புல்லை மட்டும் அளந்தே கொடுக்க வேண்டும். நெடுநாள் உலர்தீனி தின்ற குடலுக்குத் திடீரெனக் கொழுத்த புல் கிடைத்தால் குளம்பழற்சி வரலாம். அது ஆறிய காயத்தைவிடப் பொல்லாதது.

அவிழ்க்கும் நாளில் காற்று வீசக் கூடாது, தரை வழுக்கக் கூடாது. மற்றக் குதிரைகளுக்குத் தீனி போடும் நேரமாகவும் இருக்கக் கூடாது. அன்று காலை நடையை முன்கூட்டியே முடித்து, வயிற்றில் கொஞ்சம் பசியோடு கூட்டிவந்தால், ஓடுவதற்கு முன் தலை புல்லுக்குக் குனியும். வேலிக்கு அப்பால் நிதானமான வயதான குதிரை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது. தனித்து விடப்பட்ட குதிரைக்குச் சுற்றிலும் உள்ள எல்லாமே ஆபத்து. கூட்டாளி அமைதியாக மேய்ந்தால் இங்கே பயமில்லை என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. வாசலுக்குள் நுழைந்ததும் பிடித்திருப்பவர் குதிரையை முழுக்கத் திருப்பி, அதன் முகம் வாசலைப் பார்க்க நிறுத்துவார். கழுத்தைத் தடவி, அவசரமில்லாமல் தலைக்கயிற்றைக் கழற்றி, பின்வாங்கி வெளியேறுவார். குதிரை ஓட வேண்டுமானால் முதலில் திரும்பியாக வேண்டும். உதறும் பின்னங்கால்களுக்கு எட்டாத தூரத்துக்குப் போக அந்த ஒரு நொடி மனிதருக்கு உதவும்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் சில குதிரைகளுக்கு அசிப்ரோமசின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து தேவைப்படுகிறது. ஊசியாகப் போட்டால் வேலை செய்ய ஏறக்குறைய அரைமணி நேரமாகும். அதுவரை குதிரையைக் கிளறாமல் விட வேண்டும். ஆண் குதிரைகளுக்கு அரிதாகக் கடும் பக்கவிளைவு உண்டு என்பதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மருந்தில் வந்த அமைதி அமைதிதானா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. மருந்து குதிரையின் அச்சத்தை அழிப்பதில்லை. மேலே ஒரு போர்வையைப் போடுகிறது. திடீர்ச் சத்தம் கேட்டால் போர்வையைக் கிழித்துக்கொண்டு பழைய ஓட்டம் வெளிப்படும். ஆனாலும் மருந்தே பொய் என்று ஒதுக்குவது கொடுமை. முதல் சில நாள்கள் அந்தப் போர்வைக்குள் இருந்தபடி, புல்லும் வெளியும் தனக்குப் புதியவை அல்ல என்று குதிரை பழகிக்கொள்கிறது. அளவு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுவிடுமானால் அந்த மருந்து விடுதலைக்கு உதவியிருக்கிறது. அளவு குறையாமலே மாதங்கள் ஓடினால், அறையின் சுவரை ஊசிக்குழலுக்குள் மாற்றி வைத்தது தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

படிப்படியான விடுதலைக்கு மெய்யியலில் புகழ்பெற்ற சான்று பிளேட்டோவின் குகைதான். குகைக்குள் கட்டுண்டு கிடந்தவன் வெளியே வந்தால் முதலில் நிழல்களைப் பார்ப்பான்; பிறகு நீரில் விழும் பிம்பங்களை, பிறகு பொருள்களை, பிறகு இரவு வானத்தை; சூரியன் கடைசியில்தான். கண்ணின் வலியை அறிந்து போடப்பட்ட வரிசை அது. ஆனால் இதே வரிசையை அதிகாரத்தில் இருப்பவர் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதை இமானுவேல் காண்ட் பார்த்தார். 1793இல் வந்த சமயம் பற்றிய நூலின் ஓர் அடிக்குறிப்பில், மக்கள் இன்னும் சுதந்திரத்துக்குப் பக்குவப்படவில்லை என்ற பேச்சைத் தம்மால் ஏற்க முடியாது என்கிறார். முதலில் சுதந்திரமாக விடப்படாமல் அதற்கான பக்குவம் வராது. பக்குவத்துக்குக் காத்திருந்தால் சுதந்திரம் ஒருபோதும் வராது என்பது அவர் வாதம்.

அந்த அடிக்குறிப்புக்கு வரலாறு நாற்பது ஆண்டுகளில் விடை சொன்னது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கரீபியன் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. ஆனால் ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் விடுவிக்கப்பட்டவர்கள் பழைய முதலாளிகளிடமே பல ஆண்டுகள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலாளிகளுக்கு இழப்பீடு 2 கோடி பவுண்டு, உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆன்டிகுவா தீவோ அந்தப் பயிற்சிக்காலத்தை வேண்டாமென்று தள்ளி, முதல் நாளே முழு விடுதலை கொடுத்தது. பலர் பயந்த கலவரம் அங்கே வரவில்லை. மக்கள் தேவாலயங்களில் திரண்டு அந்த நாளைக் கொண்டாடினார்கள். மற்றத் தீவுகளிலும் 1838இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

மனிதருக்கும் குதிரைக்கும் இங்கே சமன் போட முடியாது. இரண்டையும் பிரிக்கும் கோடுதான் முக்கியம். தன் நிலை என்ன, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் வாய் மனிதருக்கு உண்டு. அதைக் கேட்காமல் இன்னொருவர் அவருக்காகப் பக்குவத்தை அளப்பது அபகரிப்பு. குதிரைக்கு அந்த வாய் இல்லை. ‘இன்னும் ஆறு வாரம் பொறு, கால் ஆறிவிடும்’ என்று அதனிடம் விளக்கவும் முடியாது. ஆகவே அதற்காக ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். முடிவெடுப்பவர்மீது விழும் பொறுப்பு இதனால் கூடுகிறதே தவிர, குறைவதில்லை. ஒவ்வொரு வாரமும் பட்டி பெரிதாகிறதா, தானாகத் திரியும் நேரம் கூடுகிறதா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கூடவில்லை என்றால் அந்த அடைப்பு சிகிச்சை என்ற பெயரை இழந்துவிட்டது.

இந்தக் கேள்வி கால் தேறியதோடு முடிவதில்லை. குணமான பந்தயக் குதிரை பயிற்சிக்குத் திரும்பினால், காலை ஓட்டம் போக நாளின் பெரும்பகுதியை மறுபடி அறைக்குள்தான் கழிக்கும். இப்போது காயம் இல்லை. ஆனால் அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சுவிட்சர்லாந்து 2008இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் இதில் தலையிட்டன. குதிரை இன்னொரு குதிரையைப் பார்க்கவும், கேட்கவும், முகரவும் முடிய வேண்டும். வேலை செய்யும் குதிரையையும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது கட்டின்றி வெளியே விட வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம்: ஆய்வில் அதிகம் துள்ளிய குதிரைகளுக்குக் கிடைத்ததைப்போல் இருமடங்கு, நிதானமாக இருந்தவற்றுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. சட்டம் வகுத்த கீழெல்லை அது. லாயங்கள் அதைத் தாண்டிப் போக எந்தத் தடையும் இல்லை. காலை ஓட்டத்துக்கு அட்டவணை போடும் லாயம், தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் பட்டியில் விடவும் அட்டவணை போடலாம். அப்படி வளரும் குதிரை நாளை காயப்பட்டு அடைபட நேர்ந்தாலும், அது திரும்பிப் போவது ஏற்கெனவே பழகிய வெளிக்குத்தான்.