எந்த ஊர் என்று எழுதுவது?

திருமண ஓலை வாசிப்பதற்கு முன் மணமக்களை விசாரித்து நிரப்ப வேண்டிய தாள் ஒன்று எல்லாப் பங்குத்தந்தையரின் மேசையிலும் உண்டு. பெயர், பெற்றோர் பெயர், திருமுழுக்குப் பெற்ற நாள், உறுதிப்பூசுதல் பெற்ற நாள், சொந்த ஊர் எனச் சில கட்டங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தாளை நிரப்பி வருகிறோம். ‘சொந்த ஊர்’ என்னும் கட்டத்தில் நம் பேனா ஒருபோதும் நின்றதில்லை. அண்மையில் ஒருநாள் நின்றது.

மணமகன் நாம் பணிபுரியும் மல்லசமுத்திரத்தைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளி. மணமகள் பரமத்தியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் 2001-ஆம் ஆண்டில் பிறந்தவள். அவளோடு வந்திருந்த முதியவர், அவளுடைய தாயின் தந்தை, நாம் கேட்குமுன்பே, “எழுதுங்கோ சுவாமி, பேசாலை. மன்னார் மறைமாவட்டம்” என்றார். அவள் தலைநிமிராமலேயே, “பரமத்தின்னு எழுதுங்க ஃபாதர்” என்றாள். முதியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப்பின் அன்று அவர் நம்மோடும் பேசவில்லை, அவளோடும் பேசவில்லை.

யார் கூறியது சரி? ஒரு கட்டத்தில் ஓர் ஊரைத்தானே எழுத இயலும் என்று எண்ணி அன்று அதை வெறுமையாகவே விட்டுவிட்டோம். ஆனால் அந்த வெற்றிடம் நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை.

முதியவர் பேசாலையில் மீன்பிடித்தவர். 1990 நவம்பரில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் பதிவு பெற்று, அங்கிருந்து கடலையே காணாத இந்த நாமக்கல் சமவெளிக்கு அனுப்பப்பட்டவர். முதலில் கல்லுடைத்தார். பிறகு முகாம் இளைஞர் பலரைப் போலவே வீடுகளுக்கு வண்ணம் பூசக் கற்றார். நம் ஊர்ப் பெயரைக் கேட்டபோது சிரித்தாராம்: “சமுத்திரம் எண்டு பேர் வச்சிருக்கிறாங்கள், உப்புக்காத்து இல்லையே!” சமுத்திரம் என முடியும் ஊர்ப்பெயர்கள் ஏரியைக் குறிப்பன என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பர்? இப்போது எழுபதைக் கடந்துவிட்டார். பேத்தி அவரை ‘அம்மப்பா’ என்கிறாள். மணமகன் வீட்டாருக்கு அச்சொல் புதிது, நம் பக்கத்தில் அவர் ‘அப்புச்சி’.

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் 2012 வரை இவ்வாறு தமிழகம் வந்தோர் மூன்று இலட்சத்து நான்காயிரம் பேருக்கு மேல் என்பது நடுவண் அரசின் கணக்கு. பலர் திரும்பினர், பலர் மேலைநாடுகளுக்குச் சென்றனர். இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அவர்களுள் கணிசமானோர் இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத இளந்தலைமுறையினர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. நல்ல செயல்தான். எனினும் முகாம் என்ற சொல் அகலவில்லை. தணிக்கை நாளில் ஆள் இருந்தாக வேண்டும் என்னும் நியதியும் அகலவில்லை.

சட்டம் இன்னும் கடினமானது. 1987 சூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டினராயினும், பிறப்பால் இந்தியர். அதற்குப்பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தோருக்கு மேலும் ஒரு தடை: பெற்றோருள் ஒருவர் இந்தியராயினும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ எனக் கருதப்பட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்னும் மூன்று நாட்டினரை மட்டுமே கருதியது, இலங்கையை விட்டுவிட்டது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் ஓர் ஆணை பிறந்தது. தண்டிக்கப்பட மாட்டாய் என்பது ஓர் ஆறுதல்தான். ஆனால் ‘நீ இவ்விடத்தாள்’ என்று அது சொல்லவில்லை. மணமகனின் தாய் நம்மிடம் தனியே வந்து கேட்டது இதைத்தான்: “சாமி, நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு எந்த ஊரு?” அவர் அந்தப் பெண்ணை வெறுப்பவர் அல்லர். பேரப்பிள்ளையை எண்ணி அஞ்சுகிறார். அவருக்கு உறுதியான விடை எதுவும் நம்மிடம் இல்லை.

‘இலங்கைத் தமிழர் தம் தாயகத்தை மறக்கலாகாது, குடியுரிமை பெற்று இங்கே கலந்துவிட்டால் அவர்தம் உரிமைப் போராட்டம் நீர்த்துவிடும்’ என்று கூறுவாரும் உளர். மேடைகளில் இதை உணர்ச்சியோடு முழங்கக் கேட்டிருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. முழங்கியவர்க்கும் நமக்கும் வாக்குரிமை இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது, சொந்த ஊர்க் கட்டத்தில் எழுத ஓர் ஊரும் இருந்தது. ஒரு நாட்டின் கனவை அணையாமல் காக்கும் பொறுப்பை, பத்தடிக்குப் பத்தடி அறையில் வளர்ந்த ஒரு பெண்ணின் தலைமேல் ஏற்றிவிட்டு, அதை இனப்பற்று என்று அழைத்தோம். அவளுக்கு ஓர் இடம் தராமலிருப்பதற்கு அவளது தாயகத்தையே காரணமாக்கினோம். இது நேர்மையன்று என இப்போது தோன்றுகிறது.

‘வேற்று நாட்டினர்’ என்று நாம் சொல்லும் அனைவரும் வேற்று நாட்டினரும் அல்லர். முகாம்களில் இருப்போருள் ஆயிரக்கணக்கானோர் மலையகத் தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டி மலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றோருள் திருச்சி, மதுரை மாவட்டத்தாரோடு நம் சேலம் மாவட்டத்தாரும் இருந்தனர். 1948-இல் இலங்கை அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் சரிபாதியாக வகுத்தனர். எந்த ஊர் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அவ்வாறு வகுபட்ட குடும்பங்களில் வந்தவர், பின்னர்ப் போருக்கு அஞ்சி, பாட்டன் புறப்பட்ட மண்ணுக்கே வந்து சேர்ந்தபோது அயலார் எனப்பட்டனர்.

ஆயின் முதியவரின் பக்கமும் நியாயம் உண்டு. பேசாலை என்று அவர் சொன்னது வீம்பினால் அன்று. ஒரு வாரம் கழித்து அவராகவே நம் அறைக்கு வந்தார். 1990-இன் நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்: குண்டுவீச்சு, கோவிலில் தங்கிய இரவுகள், கடற்படையினருக்கு அஞ்சி விளக்கின்றிச் சென்ற படகு. எத்தனையோ முறை சொல்லிப் பழகிய கதை என்பது அதன் ஒழுங்கிலேயே தெரிந்தது. பிறகு நாம் ஒன்று கேட்டோம். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி என்னும் பெரிய முஸ்லிம் ஊர் உண்டே, அவர்கள் என்ன ஆயினர்?

நெடுநேரம் பேசாதிருந்தார். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளித்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னாரிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக்குச் சென்றனர். முதியவர் அப்படகுகளைக் கரையிலிருந்து பார்த்தவர். “எங்களோட கடலுக்கு வந்தவங்கள்தான் சுவாமி. நாங்கள் ஒண்டும் பேசேல்ல. மூண்டு கிழமையால நாங்களும் படகேறினனாங்கள்” என்றார். இதைப் பேத்தியிடம் சொன்னதுண்டா என்றோம். இல்லை என்று தலையசைத்தார்.

புலம்பெயர்ந்தோர் சுமந்து செல்லும் வரலாறு பெரும்பாலும் இத்தகையதே. தமக்கு இழைக்கப்பட்டவை ஒவ்வொன்றும் தெளிவாக நிற்கும். தம்மவர் பிறருக்கு இழைத்தவை மங்கும். இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்று குவித்ததும், இலங்கைத் தமிழரின் துயரை நெஞ்சில் ஏந்தியிருந்த தமிழகத்தின் மனம் 1991 மே 21-க்குப் பின் ஏன் இறுகியது என்பதும், முகாமில் பிறந்த பிள்ளைகள் அரைகுறையாகவே கேட்டிருக்கின்றனர். தாயகம் என்பது நினைவினால் ஆனது என்றால், அந்நினைவு உண்மையாக இருத்தல் வேண்டும் அன்றோ? இழப்பை மட்டுமே நினைக்கும் நினைவு, கேட்கும் பிள்ளைக்கு ஊரைத் தருவதில்லை. பழியைத்தான் தருகிறது.

தனிநாடு கிடைத்தவர்க்கும் இச்சிக்கல் தீர்ந்ததாகத் தெரியவில்லை. செங்கடற்கரையிலுள்ள எரித்திரியா மக்கள் எத்தியோப்பியாவோடு முப்பதாண்டுகள் போரிட்டு 1991-இல் வென்றனர். 1993-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அயல்நாடுகளில் வாழ்ந்த எரித்திரியரும் வாக்களித்தனர், ஏறக்குறைய அனைவருமே விடுதலைக்கு ஆதரவாக. ஆனால் விடுதலை பெற்ற அந்நாட்டில் அதன்பின் ஒரு பொதுத்தேர்தலும் நடைபெறவில்லை. முடிவில்லாக் கட்டாயப் படைப்பணிக்கு அஞ்சி இலட்சக்கணக்கானோர் மீண்டும் வெளியேறினர். முன்பு எத்தியோப்பியாவுக்கு அஞ்சி வெளியேறியவரில் பலர் அரசின் ஆதரவாளர். பின்பு சொந்த அரசுக்கு அஞ்சி வெளியேறியவர் அதன் எதிர்ப்பாளர். 2023-இல் செருமனியிலும் சுவீடனிலும் இஸ்ரயேலிலும் எரித்திரிய விழாக்களின்போது இருசாராரும் தெருவில் மோதி இரத்தம் சிந்தினர். இரு பக்கத்தாரும் தத்தம் கையில் ஏந்தியிருந்தது எரித்திரியக் கொடியே. ஒரு சாரார் இன்றைய கொடியை, மறுசாரார் 1950-களின் நீலக்கொடியை.

மறைநூலில் நாம் நாடிச் சென்றது ரூத்து நூலை. கணவனை இழந்த அந்த மோவாபியப் பெண் மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். அவள் மாமியாருக்குக் கூறும் சொற்களை நாம் அனைவரும் அறிவோம், திருமண மறையுரைகளில் அடிக்கடி கையாளுகிறோம். நாம் கவனியாத ஒன்று உண்டு. உன் மக்களே என் மக்கள் என்று அவள் சொல்லி வந்த பிறகும், அந்நூல் அவளை மோவாபியப் பெண் என்றே அழைக்கிறது. நகர வாயிலில் பெரியோர் முன்னிலையில் போவாசு அவளை ஏற்கும் இடத்திலும் அவ்வடைமொழி நீங்கவில்லை. அது இழிவாகச் சொல்லப்பட்டதன்று. பெத்லகேம் ஊராரும் அவளிடம் மோவாபை மறந்தால்தான் இடமுண்டு என்றோ, மோவாபுக்குத் திரும்பும் நாளுக்காகக் காத்திரு என்றோ கூறவில்லை. மோவாபியப் பெண்ணாகவே அவள் பெத்லகேம்காரியானாள். அவள் பெயரை மத்தேயு ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் எழுதி வைத்தார். எரேமியாவும் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு எழுதிய மடலில், வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்கிறார். அதே மடலில் திரும்பும் நாளையும் வாக்களிக்கிறார். ஒன்றைச் சொன்னதற்காக மற்றொன்றை அவர் விலக்கவில்லை.

ஒரு கட்டத்தில் ஓர் ஊரைத்தான் எழுத இயலும் என்று நாம் எண்ணியது நம் பழக்கமே தவிர, திருச்சபைச் சட்டம் அன்று. தாளில் இடம் சிறிதுதான், ஆனாலும் எழுத்தைச் சிறிதாக்கினால் இரண்டு ஊர் கொள்ளும்.

பெண்ணை மறுபடி அழைத்துக் கேட்டோம். அவள் சொன்னது நம்மைச் சிந்திக்க வைத்தது. பேசாலை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லையாம். “பேசாலைன்னு வாசிச்சா கோயில்ல எல்லாரும் அகதின்னு திரும்பிப் பார்ப்பாங்க ஃபாதர். அம்மப்பாவுக்கு அது ஊரு. எனக்கு அது முகாமுக்கு இன்னொரு பேரு” என்றாள். அவள் மறுத்தது அந்த ஊரை அன்று, நம் கண்களை. நம் பங்கு மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவள் அஞ்சியதில் பிழையில்லை, சிலர் திரும்பிப் பார்க்கத்தான் செய்தனர்.

முதல் ஓலையை வாசித்தபோது முதியவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். ‘பேசாலையைப் பூர்வீகமாகவும் பரமத்தியைப் பிறந்த ஊராகவும் கொண்ட’ என்று வாசித்தோம். பூசைக்குப் பின் அவர் நம்மிடம் வந்து, பேத்திக்கு எருக்கலம்பிட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டதாகக் கூறினார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டோம். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாளாம். சிலர் திரும்பிவிட்டனர், சிலர் இன்னும் புத்தளத்தில் என்றாராம். அங்கே அவர்கள் பிள்ளைகள் எந்த ஊர் என்று எழுதுகிறார்கள் என்று அடுத்துக் கேட்டாளாம். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

வரும் ஞாயிறன்று மூன்றாம் ஓலை. திருமணத்திற்கு முகாமிலிருந்து அறுபது பேர் மல்லசமுத்திரம் வந்து இரவு தங்குவதற்கு அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். மணநாள் தணிக்கை நாளுக்கு முந்திய நாளாக அமைந்துவிட்டதால், இரவே திரும்பும்படி ஆனால் பேருந்து ஏற்பாடு செய்து தருவதாக மணமகனின் தாயே முன்வந்து கூறியுள்ளார்.