ஆப்தன் யார்?

கண்ணால் காண்பதும் காரணம் கொண்டு ஊகிப்பதும் மட்டுமே அறிவுக்கு வழி என்றால், மனிதனுக்குத் தன் பிறந்த நாள்கூடத் தெரியவராது. தாய் சொல்லியே அதை அவன் அறிகிறான். வாழ்வின் பெரும்பகுதி பிறர் சொல்லை நம்பியே நடைபெறுகிறது. ஆதலால் நம் முன்னோர் சொல்லையும் ஒரு பிரமாணமாக ஏற்றனர். ஏற்கும்போதே அதற்கு எல்லையும் வகுத்தனர்.

நியாய சாஸ்திரத்தின்படி எல்லோருடைய சொல்லும் பிரமாணமாகாது. ஆப்தனின் சொல்லே பிரமாணமாகும். ஆப்தன் யார்? கௌதமரின் சூத்திரங்களுக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் இரண்டு தகுதிகளைக் காட்டுகிறார். பொருளை அவன் நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்தவாறே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவனாக இருக்க வேண்டும். ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் இந்த இலக்கணம் பொதுவே என்றும் அவர் விளக்குகிறார். குலமோ, புகழோ, உரத்த குரலோ ஒருவனை ஆப்தனாக்குவதில்லை.

சொன்னவர் யாரென்றே தெரியாமல் வழிவழியாக வரும் பேச்சு ஒன்றும் உண்டு. அதற்கு ஐதிகம் என்று பெயர். மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களுள் அளவைவாதி ஐதிகத்துக்குக் காட்டும் உதாரணம், ஒரு மரத்தில் பேய் இருப்பதாக ஊரார் சொல்வதை நம்புவதாகும். பேயைக் கண்டவர் எவர் என்று யாரும் கேட்பதில்லை. நியாய நூலார் ஐதிகத்தைத் தனிப் பிரமாணமாக ஏற்கவில்லை.

அந்த மரத்துப் பேய் இன்று கைபேசியில் குடியேறியுள்ளது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தது. இடுக்கி மாவட்டத்து முல்லைப்பெரியாறு அணையில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. அவ்வேளையில், அணைக்குக் கேடு நேர்ந்துவிட்டதென்று அலறும் குரல்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவியது. பேசியவர் அணையைக் காணவில்லை. உயரிடத்தில் உள்ள நண்பர் சொன்னதாகவே கூறினார். அது பொய் என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. அணை உடையவில்லை. ஆனால் நீர் சூழ்ந்த வீடுகளில் இருந்தோரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

அச்சம் மட்டுமன்று, கருணையும் ஏமாறும். 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில், வெள்ளியாற்று நீரில் நின்றபடியே கருவுற்ற யானை ஒன்று உயிர் நீத்தது. வெடிமருந்து வைத்த தீனியால் அதன் வாய் சிதைந்திருந்தது. நாடே கண்ணீர் விட்டது, அக்கண்ணீர் தூயது. ஆனால் சம்பவம் மலப்புரத்தில் நடந்ததாகவும், மனிதர் வேண்டுமென்றே அன்னாசிப்பழத்தை ஊட்டியதாகவும் செய்தி பரவியது. அதைப் பற்றிக்கொண்டு அம்மாவட்டத்து மக்கள்மீதும் ஒரு சமூகத்தின்மீதும் பழி சுமத்தப்பட்டது. காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியை யானை தற்செயலாகத் தின்றிருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பின்னர் தெரிவித்தது. யானைக்காக உருகிய உள்ளங்களே, விசாரணையின்றி மனிதரை வெறுத்தன.

அப்படியானால் எதையும் நம்பாதிருப்பதே விவேகமா? அன்று. அதே வெள்ளத்தில், அதே கைபேசியில்தான் உண்மையான அபயக்குரல்களும் எழுந்தன. பெயர், ஊர், வீட்டின் அடையாளம், தொலைபேசி எண் ஆகியவற்றுடன் வந்த செய்திகளைக் கொண்டு எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டன. அவற்றையும் வதந்தி என்று தள்ளியிருந்தால் பெரும் பாவம் நேர்ந்திருக்கும். அக்குரல்களுக்கு மூலம் இருந்தது. திரும்ப அழைத்துக் கேட்க வழி இருந்தது. குரல்பதிவுக்கோ அது இல்லை. விவேகம் என்பது நம்பாமை அன்று. மூலத்தைத் தேடிச் செல்லும் பொறுமை.

ஆகவே செய்தி வந்ததும் மூன்று கேள்விகள் எழ வேண்டும். சொன்னவர் நேரில் அறிந்தவரா? அறிந்ததை அறிந்தபடியே சொல்கிறாரா? இதை நம்புவதால் தமக்கு உகந்த வெறுப்போ அச்சமோ தீனி பெறுகிறதா? மூன்றாவது கேள்வி தன்னை நோக்கியது, அதுவே கடினமானது.

ஒவ்வொருவரும் தம் வீட்டில் சிலருக்கேனும் ஆப்தராக இருக்கிறார். அண்ணன் அனுப்பினார், அத்தை அனுப்பினார் என்பதற்காகவே பலர் நம்புகின்றனர். மூலமற்ற பேச்சை அவர் அனுப்பும்போது, ஊர்ப்பேச்சு ஆப்த வாக்கியமாக வேடம் பூணுகிறது. பிறர் தம்மீது வைத்த நம்பிக்கை ஒரு புனிதமான அடைக்கலப் பொருள். அதைக் காக்க, அறியாததை அனுப்பாதிருப்பதும் வாக்கினால் செய்யும் தவமே.