கடைப் பலகாரமும் விருந்தறமும்

தீபாவளிக்குக் கடையில் வாங்கிய முறுக்கையும் லட்டையும் சாமிக்குப் படைக்கலாமா? வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவற்றையே தட்டில் வைத்துக் கொடுத்தால் அது விருந்தாகுமா? மெல்பேர்னின் தென்கிழக்கே ஸ்பிரிங்வேலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் சந்திக்கும் கேள்வி இது. ஆஸ்திரேலியாவில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அரசு விடுமுறை இல்லை. பண்டிகை நாளும் வேலை நாள்தான். 2022 மே மாதம் முதல் 2023 நவம்பர் வரை ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி அடிப்படை வட்டியை 0.10 சதவீதத்திலிருந்து 4.35 சதவீதத்துக்கு ஏற்றியது. வீட்டுக்கடன் கட்டுகிறவர்களின் கை இறுகிப்போனது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க நேரமும் இல்லை, ஊரைக் கூட்டிப் பந்தி போடப் பணமும் இல்லை. அதனால் பலர் பலகாரப் பெட்டி வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு, ஏதோ குறை வைத்துவிட்டது போல வருந்துகிறார்கள். வேறு சிலர், சமைக்க முடியவில்லையே என்று யாரையும் அழைக்காமலே விட்டுவிடுகிறார்கள். முதலாவதில் குறை ஏதும் இல்லை, இரண்டாவதில்தான் இழப்பு என்பது என் துணிபு. வந்தவரை மனமுவந்து ஏற்பதில் இருக்கிறது விருந்தறத்தின் உயிர். வீட்டுக் கதவு திறந்திருக்கக் கடைப் பலகாரம் உதவுமானால், அதை வாங்குவதும் அறமே.

இந்தக் கேள்வியை ஸ்பிரிங்வேலில் இருந்து கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1970 முதல் 1990களின் தொடக்கம் வரை அங்கே எண்டர்பிரைஸ் என்ற குடியேறிகள் விடுதி இயங்கியது. போரிலிருந்து தப்பி வந்த வியட்நாமியரும் கம்போடியரும் உட்படப் பல நாட்டு மக்கள் ஆஸ்திரேலியாவில் முதல் உணவை அதன் பொது உணவுக்கூடத்தில், முகமறியாத யாரோ சமைத்த உணவாகத்தான் உண்டார்கள். அவர்களில் பலர் அந்தப் பகுதியிலேயே தங்கிக் கடை வைத்தார்கள். இன்றைய ஸ்பிரிங்வேல் கடைத்தெரு பெரிதும் அவர்கள் உருவாக்கியது. வியட்நாமியப் புத்தாண்டான டெட்டுக்கு முன்னோர் படையலில் வைக்கும் பான் டெட் என்ற பண்டத்தை, ஒட்டரிசியும் பாசிப்பருப்பும் பெரும்பாலும் பன்றி இறைச்சியும் சேர்த்து வாழையிலையில் பொதிந்து மணிக்கணக்காக வேகவைக்க வேண்டும். குடும்பமே கூடி இரவெல்லாம் விழித்திருந்து செய்த அதை இன்று பலர் கடையில் வாங்கியே படைக்கிறார்கள். அந்தக் கடைகளின் உறைபெட்டியில் கிடக்கும் வாழையிலையைத்தான் நம்மவர்களும் விசேஷ நாளுக்கு வாங்கிவருகிறார்கள். முன்னோரை வணங்கும் மரபு அவர்களிடம் அழியவில்லை. படையலைச் செய்யும் கைகள் மட்டும் வீட்டிலிருந்து கடைக்கு மாறியிருக்கின்றன.

நம் மரபும் நாம் நினைக்கும் அளவுக்கு வீட்டுச் சமையலையே பிடித்துக்கொண்டு நின்றதில்லை. சரஸ்வதி பூஜைக்குப் படைக்கும் பொரியும் பொட்டுக்கடலையும் காலங்காலமாகக் கடையில் வாங்குபவை. அவற்றை வீட்டில் பொரித்தால்தான் கலைமகள் ஏற்பாள் என்று யாரும் சொன்னதில்லை. கோயில் வாசலில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் அடங்கிய அர்ச்சனைத் தட்டை விலைகொடுத்து வாங்கித்தான் உள்ளே போகிறோம். பழனிப் பஞ்சாமிர்தத்தையும் திருப்பதி லட்டையும் காசு கொடுத்து வாங்கிவந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறருக்குக் கொடுக்கிறோம். இன்னும் பின்னால் போனால், மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் தலைநகரின் இரவுக் கடைத்தெருவைக் காட்டும் இடத்தில், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம் விற்கும் வணிகர்கள் தங்கள் பண்டங்களோடு இருந்தபடியே கண்ணயர்வதைச் சொல்கிறது. சங்ககால மதுரையிலேயே மோதகம் விலைக்குக் கிடைத்தது. கையால் செய்ததே தூயது, வாங்கியது தாழ்ந்தது என்ற எண்ணத்தைத் தொன்றுதொட்ட வழக்கம் என்று சொல்ல இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை.

விருந்தோம்பலைப் பற்றி நம்மிடம் உள்ள மிகத் தெளிவான சிந்தனை திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் பத்துக் குறள்களிலும் ஒரு பண்டத்தின் பெயர்கூட வராது; இத்தனை வகை வைக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. வள்ளுவர் திரும்பத் திரும்பப் பார்ப்பது உபசரிப்பவரின் முகத்தை. முகமலர்ச்சியோடு விருந்தினரைப் பேணுகிறவன் வீட்டில் திருமகள் மனம் மகிழ்ந்து தங்குவாள் என்கிறார். முகர்ந்தால் வாடும் அனிச்சப் பூவைவிட, முகம் வேறுபட்டுப் பார்த்தாலே வாடிவிடும் விருந்தினர் மென்மையானவர் என்று அதிகாரத்தை முடிக்கிறார். விருந்தின் பயனை இவ்வளவு என்று அளக்க முடியாது, விருந்தினரின் தகுதியே அதற்கு அளவு என்றும் சொல்கிறார். பொருளைத் தன் சக்தியறிந்து கொடுக்க வேண்டும் என்பதும் அவர் கருத்தே. இந்த அளவுகோல்படி, மூன்று நாள் இரவு கண்விழித்துச் சுட்ட பலகாரத்தைச் சோர்ந்த முகத்தோடு நீட்டுவதைவிட, வாங்கிவந்த பலகாரத்தை எடுத்துவைத்து அருகில் உட்கார்ந்து நலம் விசாரிப்பது உயர்ந்தது. லூக்கா நற்செய்தியும் இதே இடத்துக்கு வருகிறது. வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்வதிலேயே அலைக்கழிந்த மார்த்தாள், தன் தங்கை மரியாள் உதவவில்லை என்று முறையிடுகிறாள். அவர் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாளே நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று அவர் விடை சொல்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ரோல்ஸும் கடையில் எடுக்கும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளும் அந்தப் பதிலில் ஆறுதல் கொள்ளலாம்.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. உழைப்புதானே அன்பின் அடையாளம், வருந்தாமல் கொடுப்பது எப்படிப் படையல் ஆகும் என்பார்கள். பெரிய புராணத்தின் இளையான்குடி மாறநாயனாரைச் சான்றாகக் காட்டுவார்கள். அடியார்களுக்கு அமுதளித்தே வறியவரான அவர், மழை கொட்டும் நள்ளிரவில் வந்த அடியாருக்காக, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்தார். மனைவியார் அதை வறுத்துக் குத்திச் சோறாக்கினார். கூரையின் கழிகளே விறகாயின, முளைத்திருந்த கீரையே கறியாயிற்று. ஆனால் இந்தக் கதையில் உழைப்பு ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். வீட்டில் வேறு எதுவும் இல்லாததால் வந்தது. இருந்ததையெல்லாம் எடுத்தார்கள், வந்தவரைத் திருப்பி அனுப்பவில்லை. கதையின் சாரம் அதுதான். அரிசியும் விறகும் இருந்திருந்தால் அவர்கள் அவற்றையே பயன்படுத்தியிருப்பார்கள், அடியாரும் குறை சொல்லியிருக்க மாட்டார். அதே புராணம், கையில் பொருளே இல்லாமல் மனத்துக்குள் கோயில் கட்டிய திருநின்றவூர்ப் பூசலாரையும் நாயனாராக்குகிறது. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் இல்லையேல் ஓர் இன்சொல் என்று திருமூலர் அறத்தை எல்லாருக்கும் எட்டும்படி இறக்கிவைத்தார். இவர்கள் யாரும் வருத்தத்தை எடைபோடவில்லை, மனத்தையே பார்த்தார்கள்.

அந்த உழைப்பு யாருடையது என்பதையும் பேசாமல் இருக்க முடியாது. பண்டிகைப் பலகாரத்தின் பாரம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மேல்தான் விழுகிறது. ஊரில் சீனி அரியதரத்துக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் அம்மம்மா, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டார் என்று ஒரு கூட்டமே மாவிடிக்கவும் பாகு காய்ச்சவும் கூடியது. அந்தக் கூட்டம் கடல் கடந்து வரவில்லை, எதிர்பார்ப்பு மட்டும் வந்தது. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து வருகிற ஒரு பெண்ணிடம் ஐந்து பேர் செய்த வேலையைக் கேட்டுவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைப்பது நியாயமாகாது. ஒருவருடைய களைப்பின் மேல் நின்று மற்றவர்கள் கொண்டாடுவது பண்டிகையின் அறத்துக்கே எதிரானது.

இரண்டாவது மறுப்பு ஆசாரம் பற்றியது. யார் செய்தார்களோ, எப்படிச் செய்தார்களோ, அதைச் சாமிக்கு வைக்கலாமா என்பது. இதில் இரண்டு கவலைகள் கலந்திருக்கின்றன. என்ன சேர்ந்திருக்கிறது என்ற கவலை நியாயமானது. சைவம் காப்பவர் முட்டையும் விலங்குக் கொழுப்பும் ஜெலட்டினும் இல்லை என்று அறிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டப்படி பொட்டலத்தில் அடைத்து விற்கும் பெரும்பாலான உணவில் சேர்மானங்களையும், வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்களையும் குறிப்பிட வேண்டும் என்பதால் இதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். யார் கை பட்டது என்ற இன்னொரு கவலையின் வேர் வேறு. 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவிட்டது பெரும் போராட்டமாக வெடித்தது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் அவர்கள் உள்ளே போகவே போராட வேண்டியிருந்தது. சமைத்தவர் கையைப் பார்த்து உணவைத் தூய்மை என்றும் தீட்டு என்றும் பிரித்த பழக்கம் நமக்குக் கொடுத்த காயங்கள் இவை. கோயில் மடைப்பள்ளிக்கு ஆகம விதிகள் இருக்கலாம். அவற்றைக் கோயில் காக்கட்டும். சுத்தமாகச் செய்த எந்தக் கையின் உணவையும் வீட்டுப் பூசையில் மறுக்காமல் இருப்பதே தூய்மைக்குச் சரியான பொருள்.

மூன்றாவது மறுப்பு என்னை இன்னும் யோசிக்க வைப்பது. வீட்டுப் பெண்ணின் களைப்பைக் குறைக்க வேறொரு பெண்ணின் களைப்பை மலிவாக வாங்குகிறோமா? அப்படி வாங்கினால் நாம் பாரத்தைக் குறைக்கவில்லை, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். ஆகவே கடையில் வாங்குவது எப்போதும் சரி என்று நான் வாதிடவில்லை. விக்டோரியாவின் 1984ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி, வீட்டில் உணவு செய்து விற்பவரும் நகரசபையிடம் பதிவு செய்யவோ தெரிவிக்கவோ வேண்டும். அப்படி முறையாகச் செய்து விற்கும் பெண்களிடம் முறுக்கும் சிப்பியும் மிக்சரும் முன்கூட்டியே சொல்லிவைத்து, பேரம் பேசாமல் விலை கொடுத்தால் ஒருவர் பண்டிகை இன்னொருவர் பிழைப்பாகிறது. பணம் போதாவிட்டால் அளவைக் குறைக்கலாம். செய்தவரின் கூலியைக் குறைக்கக் கூடாது.

கைப்பக்குவம் அழிந்துவிடுமே, பிள்ளைகள் எதைக் கற்பார்கள் என்பது கடைசி மறுப்பு. இந்தக் கவலையை நானும் பகிர்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் செய்ய முயன்று அலுத்துப்போகிற வீட்டைவிட, ஒன்றே ஒன்றைப் பிள்ளைகளோடு நிதானமாகச் செய்கிற வீட்டில்தான் பக்குவம் அடுத்த தலைமுறைக்குப் போகும். சிக்கனமும் இதையே சொல்கிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம் கொண்டு சர்க்கரைப் பொங்கல் வைப்பதும், சுண்டல் தாளிப்பதும், சாம்பார் கொதிக்க வைப்பதும் வீட்டில் மலிவு, கடையில் விலை அதிகம். நிறைய எண்ணெயும் பல மணி நேரமும் கேட்கிற முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு போன்றவற்றைக் கொஞ்சமாக வாங்குவதே கட்டுபடியாகும். உறையவைத்த தேங்காய்த் துருவலும் இடியப்பமும் பரோட்டாவும் மீதி வேலையைக் குறைக்கும். பொங்கல் வரும் ஜனவரி விக்டோரியாவில் கடும் கோடை. முழுத் தீத் தடை அறிவித்த நாளில் முற்றத்தில் விறகு மூட்டிப் பானை வைக்கச் சட்டம் இடம் தராது. அன்று உள்ளே எரிவாயு அடுப்பில் பொங்குகிறோம். சூரியனுக்கு அது குறைந்த பொங்கல் என்று நாம் நினைப்பதில்லை. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப விறகையே மாற்ற முடிந்த மரபு, பலகாரம் செய்யும் இடம் மாறியதால் நிலைகுலைந்துவிடாது.

ஆகவே ஒரு வீடு பண்டிகைக்கு முன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சிலவே. வாங்கும் உணவு நேர்மையாகச் செய்யப்பட்டதா, கடன் படாமல் வாங்க முடிகிறதா, அதனால் மிச்சமாகும் நேரம் விருந்தினருக்குக் கிடைக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் கடைப் பெட்டியைப் பூசையறையில் கூச்சமின்றிப் பிரிக்கலாம். அன்று அழைக்கப்பட வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். படிக்க வந்து, வாடகை அறையில் தனியே பண்டிகை கழிக்கும் மாணவர்கள். விசா முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அகதிகள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து, பேச ஆளில்லாமல் பகலைக் கழிக்கும் பெற்றோர். அவர்களுக்கு வேண்டியது பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரலும் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரமும்தான். பதினாறு வகை சமைக்க முடியாததால் அவர்களை அழைக்காமல் விடுவதே, விருந்தைப் பற்றிய நம் மரபு உண்மையில் குற்றமாகக் கருதுவது. வாங்கிய நாலு முறுக்கும் வீட்டில் வைத்த ஒரு பானைப் பொங்கலும் அவர்களை வீட்டுக்குள் கொண்டுவருமானால் அது முழு விருந்து. அதற்குமேல் எந்தக் குறைநிரப்பும் வேண்டியதில்லை.