பெயரைக் காப்பது பற்றாகுமா?

‘நான்’, ‘எனது’ என்னும் செருக்கை விட்டொழித்தாலன்றித் துக்கம் நீங்காது என்பது ததாகதர் காட்டிய நெறி. அங்ஙனமாயின், ஒருவருடைய பெயரை ஏட்டில் எழுதிப் போற்றுவதும், அவர் எழுதிய கடிதங்களைக் கட்டி வைத்துக் காப்பதும் பற்றின்பாற்பட்ட செயல்கள் ஆகாவோ? செய்த நன்மை நிலைத்தால் போதாதா. செய்தவர் பெயர் எதற்கு? நம் சங்கக் கூட்டங்களில் இளைஞர் சிலர் இவ்வினாவை எழுப்பக் கேட்டிருக்கிறோம். இது தள்ளிவிடத்தக்க வினா அன்று. வெறும் சொல்வாதத்தால் தீரக்கூடியதும் அன்று. ஆகவே, பழங்கடிதங்களின் வாயிலாக நமக்குக் கிட்டிய ஒரு வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கல்கத்தாவில் 1784ஆம் ஆண்டு வில்லியம் ஜோன்ஸ் என்பார் ஆசியச் சங்கத்தை நிறுவினார். கீழ்நாட்டு மொழிகளையும் சமயங்களையும் ஆராய்ந்தோர் பலர் தொலைவிடங்களிலிருந்து அச்சங்கத்தின் காரியதரிசிக்குக் கடிதங்கள் எழுதி வந்தனர். கண்டெடுத்த கல்வெட்டு, கற்ற நூல், பட்ட இடர், வேண்டிய பொருள் எல்லாம் அக்கடிதங்களில் இடம்பெற்றன. ஆயினும் அச்சங்கத்தில் இந்தியர் அங்கத்தினராகச் சேர்க்கப்பட்டது 1829ஆம் ஆண்டில்தான். அதுவரை 45 ஆண்டுகள், நூல்களைப் படித்துப் பொருள் சொல்லிக் கொடுத்த பண்டிதர்க்கு உள்ளே ஓர் ஆசனம் இல்லை. கற்பித்தவர் வெளியே நின்றார். கற்றவர் உள்ளே அமர்ந்தார்.

அச்சங்கம் தோன்றிய அதே 1784இல் டிரான்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அலெக்சாண்டர் சோமா. அவர் ஹங்கேரியர். தம் இனத்தாரின் பூர்விகம் ஆசியாவில் உள்ளது என்று எண்ணி, அதனைத் தேடி 1819இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். 1822இல் லடாக்கை அடைந்தார். தேடியது கிட்டவில்லை, தேடாத ஒன்று கிட்டியது. 1823இல் சான்ஸ்கார் என்னும் மலைநாட்டில் சங்கியே புந்த்சோக் என்னும் லாமாவிடம் திபேத்திய மொழி கற்கத் தொடங்கினார். ‘சங்கியே’ என்பது திபேத்திய மொழியில் புத்தரைக் குறிக்கும் சொல்லாகும்.

பின்னர் சோமா கன்னூர் மலைப்பகுதியில் கானம் என்னும் ஊரில் தங்கிப் பயின்றபோது, ஜெரார்டு என்னும் வைத்தியர் 1828இல் அவரைச் சென்று கண்டார். அவர் எழுதிய கடிதம் ஒன்று சான்ஸ்கார் வாழ்க்கையை நமக்குக் காட்டுகிறது. ஒன்பதடிச் சதுரமான ஓர் அறை. வெளியே நீங்காப் பனி. உள்ளே நெருப்பு இல்லை. இருட்டிய பின் விளக்கும் இல்லை. ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு காலை முதல் மாலை வரை சோமா படித்தார். அவ்வறையில் அவர் தனியே இருக்கவில்லை. லாமாவும் ஒரு பணியாளரும் உடனிருந்தனர். படித்தவர் தாங்கிய குளிரைக் கற்பித்தவரும் தாங்கினார். கானத்தில் சர்க்கார் சோமாவுக்கு அளித்த தொகை மாதம் 50 ரூபாய். அதில் சரிபாதியான 25 ரூபாயை அவர் தம் ஆசிரியருக்கே கொடுத்து வந்தார்.

அவரது வறுமையைக் கேள்வியுற்ற ஆசியச் சங்கம் தானும் பொருளுதவி செய்ய முன்வந்தது. சோமா அதை ஏற்க மறுத்துவிட்டார். பின்னர் 1834இல் அவர் இயற்றிய திபேத்திய அகராதி கல்கத்தாவில் அச்சேறியது. அதன் முகப்பு ஏட்டில், சான்ஸ்கார் நாட்டுக் கற்றறிந்த லாமாவாகிய சங்கியே புந்த்சோக்கின் துணைகொண்டு ஆக்கப்பட்டது என்பதை எழுதி, அதன் பின்னரே தம் பெயரை வைத்தார்.

இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். தமக்கு வந்த பொருளை வேண்டாமென்றவர், பிறருக்கு உரிய பெயரை விடாது எழுதினார். தன்னலமுடையோன் இதற்கு நேர்மாறாகச் செய்வான். பொருளைப் பெற்றுக்கொண்டு பெயரை மறைப்பான்.

இதிலேயே நம் வினாவுக்கு விடை இருக்கிறது. தன் பெயர் நிலைக்க வேண்டுமென விழைவது ஒன்று. பிறர் பெயரை நிலைக்கச் செய்வது வேறொன்று. முன்னது வேட்கை, பின்னது நன்றி. முதலில் உதவி செய்பவரும், பெற்ற உதவியை அறிந்து நன்றி பாராட்டுபவரும் ஆகிய இருவரும் உலகில் அரியர் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. அவ்விருவர்க்கும் கடமை வெவ்வேறு. கொடுத்தவர் மறப்பது தானத்துக்கு அழகு. பெற்றவர் மறப்பதோ குற்றம். ‘அனாத்மக் கொள்கையில் பெயர் எதற்கு?’ என்று பெற்றவர் பேசுவது, கடன்பட்டவன் நிலையாமையை எடுத்துக்காட்டிக் கடனைத் தீர்க்க மறுப்பதை ஒக்கும்.

இது நம் முன்னோர் கண்ட நெறியுமாகும். மேற்சொன்ன நிகாயத்துக்கு ‘மனோரதபூரணி’ என்னும் உரையை இயற்றிய புத்தகோஷர், அவ்வுரையை எழுதுமாறு வேண்டியவர் காஞ்சியில் தம்முடன் வாழ்ந்த ஜோதிபாலர் என்னும் தேரர் என்று குறித்துச் சென்றார். காஞ்சியில் அவ்விருவர் வாழ்ந்த இடத்தை இன்று எவரும் சுட்டிக் காட்ட இயலாது. ஜோதிபாலர் பெயர் மட்டும் நிற்கிறது. நன்றியுள்ள ஒருவர் எழுதியதால் நிற்கிறது. அண்மைக் காலத்திலும், சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த நூலை 1948இல் மீண்டும் வெளிக்கொணர்ந்த பாபாசாகேப் அம்பேத்கர், அதன் முன்னுரையில் நரசுவின் வாழ்க்கையையும் எடுத்துரைத்தார்.

நிற்க. சோமா 1842இல் லாசாவை நோக்கிச் செல்லும் வழியில் டார்ஜிலிங்கில் காய்ச்சலால் மறைந்தார். லாமாக்கள் அவர் வினாக்களுக்கு விடையாக எழுதிக் கொடுத்த நூல்களையும் உள்ளிட்டு, ஏறத்தாழ 40 திபேத்திய நூல்களை அவர் தம் நண்பர் மாலன் என்பாரிடம் கொடுத்திருந்தார். மாலன் அவற்றை 1884இல் ஹங்கேரிய அறிவியற் கழகத்துக்கு அளித்தார். சோமாவைப் பற்றிய அக்கழகத்தின் சேகரிப்பு 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆயினும் அக்குளிர் அறையில் மூன்றாமவராய் இருந்த பணியாளர் பெயரை ஜெரார்டு எழுதவில்லை. நன்றி தவறிய இடம் அது. அக்கடிதத்தைப் படிக்குந்தோறும் அவ்வெற்றிடம் நம்மை உறுத்துகிறது.

அதனினும் மிகுதியாக நம்மை உறுத்துவது நம் குறையேயாகும். நமக்குப் பஞ்சசீலம் சொல்லிக் கொடுத்த முதியவர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் உழைத்து, இரவில் அரிக்கன் விளக்கொளியில் பாலி எழுத்துக்களைக் கற்றவர். தொலைவிலிருந்த பிக்குகளுக்குக் கடிதம் எழுதி ஐயம் தெளிந்தவர். அவர் மறைந்த மூன்று திங்கள் கழித்து அக்கடிதங்களைக் கேட்டுச் சென்றோம். பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டதாக வீட்டார் கூறினர். அவர்கள்மீது குற்றமில்லை. அவற்றின் அருமையை அவர்களிடம் நாம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் இருந்தபோதே சென்று கேட்கவும் இல்லை.

பிறர் நம் முன்னோரின் பெயர்களை வரலாற்றில் எழுதாது விட்டனர் என்று நாம் முறையிடுகிறோம். அம்முறையீடு நியாயமானதே. ஆனால் நம் கையில் இருந்த பெயர்களை நாமே எடைக்குப் போட்டால், எவரிடம் சென்று முறையிடுவது?

ஆகவே, விகாரைக்கு இடம் கொடுத்தவர், முதற் கூட்டத்துக்குப் பாய் விரித்தவர், வீடு வீடாகச் சென்று அரிசி திரட்டிய உபாசிகை, எழுதப் படிக்கத் தெரியாமலே வந்தனையை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த பாட்டியார் ஆகிய அனைவர் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். கடிதங்களைக் கேட்டு வாங்கிக் காப்போம். அதில் நம் பெயர் இல்லாது போனாலும் குறைவில்லை. அவர்கள் பெயர் விடுபடலாகாது.